சஷ்டி விரதத்தில் நுளம்பு வளர்த்த கதை

யாழ்ப்பாணத்துக்குப் போகிறேன் என்றதும் மதுரையில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு மாமிக்குக் கிராம்பு, எதிர்வீட்டுக்காரருக்கு டிரான்சிஸ்டர், எங்கள் ஆய்வுக்கூடத்துக் காவல்காரருக்கு வாசனைச் சோப்பு. "நான் அங்கிருந்து கொண்டு வரப்போவது கொசு" என்றேன். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதுரையில் இல்லாத கொசுவா என்று மாமி மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் கொசுவின் எச்சிலில் உள்ள புரதங்களை ஆராய்கிறவள். கடிக்கும்போது கொசு நம் ரத்தத்தை உறிஞ்சுவதற்கு முன் தன் எச்சிலைக் கொஞ்சம் உள்ளே விடுகிறது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதங்கள் அந்த எச்சிலில் இருக்கின்றன. மலேரியாக் கிருமி வந்து காத்திருப்பதும் அதே எச்சில் சுரப்பியில்தான். எங்கள் கரையில் மலேரியாவைப் பரப்பும் கொசுவும் யாழ்ப்பாணத்துக் கொசுவும் பார்வைக்கு ஒன்றே. எச்சிலும் ஒன்றா என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் புரதங்களைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நாலு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வேலை முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது யாழ்ப்பாணக் கரை. என் பேராசிரியர் ஓய்வு பெறப் போகிற வருஷம் அது. கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பும்போது, "அடுத்த தடவை என்று ஒன்று கிடையாதும்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எழுபதுகளின் பிற்பகுதி. தீபாவளிக்கு மறுநாள் போய் இறங்கினேன். சுங்கத்தில் என் கூண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கம்பிச் சட்டத்தில் வலைத்துணி தைத்து, கை நுழைக்க ஒரு பக்கம் துணிக்குழாய் வைத்த கூண்டு அது.

"இது என்ன, கிளிக்கூடோ?"

"கொசுக் கூண்டு சார்."

"நுளம்போ? உள்ளுக்கு ஒண்டையும் காணேல்லை?"

"இனிமேல்தான் பிடிக்கணும். பிடிச்சு இந்தியாவுக்குக் கொண்டு போகணும்."

அதிகாரி அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இஞ்சை ஓடி வா. எங்கடை நுளம்பைக் கொண்டு போக இந்தியாவிலை இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறா. ஒண்டும் மிச்சம் விடாமல் குடுத்து விடுவம்." பெட்டியைத் திறக்காமலே சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் என்னைச் சுங்கத்தில் சிரித்துக்கொண்டே அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

வாடகைக் காரில், யாழ்ப்பாண நகரை ஒட்டிய அரியாலை வரை போவதாகப் பேச்சு. ஒஸ்ரின் கார், எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. டிரைவர் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வளவுக்குள் போனார். அந்த வீட்டுக்காரர் தன் கிணற்றில் துலாவை இறக்கி இரண்டு வாளி தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒரு வாளி காருக்கு, ஒன்று எங்களுக்கு. மதுரையில் நடுரோட்டில் வண்டி நின்றால் தள்ளுவதற்கு ஆள் வரும், கூடவே புத்திமதியும் வரும். இங்கே தண்ணீரோடு சரி. அதில் லேசாக உப்புக் கரித்தது. இரண்டு நாளில் எனக்கு அதுவே பழகிவிட்டது.

நான் தங்கியது மகேசு அக்கா வீட்டில். தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பசு மாடுகள் இருக்கிற வீடாக வேண்டும் என்று நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். மாட்டுக் கொட்டில் இருந்தால் கொசு இருக்கும். அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. மெலிந்த உடம்பு, பெரிய குரல். கணவர் சிவபாதம் மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் பக்டரி மெக்கானிக். அவருடைய சொந்த ஊரும் அதுதான். வாரம் முழுக்க அங்கேயே தங்கி வேலை செய்து வார முடிவில் வருவார். பிள்ளைகள் இல்லை. அதை அவர்கள் சொல்லவில்லை; கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

வேலிப் படலையைத் திறக்கும்போதே அக்கா நிபந்தனையைப் போட்டுவிட்டார்.

"பிள்ளை, இண்டைக்குக் கந்தசஷ்டி தொடங்குது. நான் ஆறு நாளும் பிடிக்கிறனான். பாறணை முடியுமட்டும் இந்த வளவுக்குள்ளை ஒரு உயிர் சாகக்கூடாது."

"அக்கா, நான் கொசு ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன்."

"ஓம், மாஸ்டர் சொன்னவர். நீர் பிடியும். வைச்சிரும். கொண்டு போம். சாகக்கூடாது, அவ்வளவுதான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுரப்பியின் புரதம் கெடாமல் ஊர் போய்ச் சேர வேண்டுமானால், புறப்படுகிற நாளில்தான் கொசுக்களை ஐஸும் உப்பும் கலந்த குடுவைக்குள் போட வேண்டும். அதுவரை உயிரோடு வைத்திருந்தே ஆக வேண்டும். நான் புறப்படும் நாளும் அக்கா விரதம் முடிக்கும் நாளும் ஒன்று. எங்கள் இருவருக்கும் சண்டை போட எதுவும் இல்லை.

சாப்பாட்டில்தான் சங்கடம். அக்கா நாளெல்லாம் இளநீரும் சாயந்தரம் ஒரு டம்ளர் பாலுமாக இருந்துகொண்டு, எனக்கு மட்டும் சிவப்பரிசிப் புட்டு, முருங்கைக்காய்க் குழம்பு, தேங்காய்ப் பால் விட்ட சொதி என்று ஆக்கிப் போட்டார். எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். "வெக்கப்படாமல் சாப்பிடும். என்ரை விரதம் உம்மடை வயித்துக்கில்லை" என்பார். வெட்கப்பட்டுக்கொண்டே மூன்றாம் முறை புட்டு வாங்கினேன். தேநீருக்குச் சர்க்கரை போடுவதில்லை, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்துவிடுகிறார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நான் முதல் வாயிலேயே முழுத் துண்டையும் தின்றுவிட்டு மிச்சத் தேநீரைக் கஷாயமாகக் குடித்தேன்.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டிலில் புகுந்தேன். கண்ணாடிக் குழாயில் ரப்பர் குழாய் பொருத்தி, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை மூச்சால் உறிஞ்சிப் பிடிக்கிற வேலை. இரண்டு பசுக்களும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எல்லாம் மாட்டை மட்டும் நாடுகிற வேறு இனம். எனக்கு வேண்டியது மனிதர் படுக்கிற அறையில் இருப்பது.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒழுங்கைக் கடைசி வீட்டிலை அந்த மனிசனுக்குக் குலைப்பன் காய்ச்சல். ஒரு கிழமையா நடுங்கிக்கொண்டு கிடக்குது. ஆஸ்பத்திரியாலை வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனவை. அங்கை நுளம்பு இருக்கும்."

இருந்தது. அந்த மலேரியா நோயாளியின் அறைச் சுவரில், தொங்கவிட்ட சட்டைகளுக்குப் பின்னால், எனக்கு வேண்டிய இனம் தலைகீழாக நிற்பது போன்ற அதன் பாணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர் போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டி, "உது வேண்டாம் பிள்ளை, அந்த மூலையிலை கொழுத்தது நிக்குது" என்று வழிகாட்டினார். மூன்றாம் நாளும் போனேன். இருபத்தைந்து கொசுவுக்கு மேல் தேறியது. நான் பிடித்து முடித்த அன்று மத்தியானமே மருந்தடிக்கிற ஆட்கள் வந்து அந்த வீட்டிலிருந்து தொடங்கி அந்தச் சந்து, அதாவது ஒழுங்கை, முழுக்கச் சுவர்களுக்கு மருந்து அடித்துவிட்டார்கள். அக்கா மட்டும் அவர்களைப் படலையில் மறித்து, "பாறணை முடிய வாங்கோ" என்று திருப்பி அனுப்பினார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் வாதம் கிடையாது போலும்.

ஆக, என் கூண்டில் இருந்தவைதான் மொத்தமும். இனிப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கூண்டை உள்ளறையில் இருட்டான மூலையில் வைத்து ஈரத்துணி போர்த்தினேன். பஞ்சில் சீனித்தண்ணீர் நனைத்து வைத்தேன். அக்கா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். விரத காலத்தில் தன் கூரைக்குக் கீழ் ஒன்று செத்தாலும் பாவம் தனக்குத்தான் என்ற கவலை.

"உதுகளுக்கு ரத்தமெல்லே வேணும்? சீனித்தண்ணி போதுமோ?"

"உயிரோட இருக்க அது போதும் அக்கா. ரத்தம் முட்டைக்குத்தான். கடிக்கிறதெல்லாம் பொம்பளைக் கொசு. வயித்துல முட்டை வளர ரத்தம் வேணும், அதான் தேடி வருது. ஆனா நான் குடுக்க மாட்டேன். பசியோட இருந்தாத்தான் எச்சில் சுரப்பி நிறைஞ்சு இருக்கும். கடிச்சிட்டா எச்சில் செலவாயிடும்."

"அப்ப, பட்டினி போடுறீர்."

"ஆமா."

அக்கா குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். "இந்தக் கூண்டுக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க, காய்ச்சல் வீட்டுக் கொசு" என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார்.

நாலாம் நாள் மயிலிட்டிக்குப் போனேன், ஐஸ் ஏற்பாடு செய்ய. பஸ் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்தி, புகையிலைக் கன்று. அப்படியொரு திருத்தமான தோட்டங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு புல்லுக்குக்கூட உள்ளே வர அனுமதி இல்லை. நடுவழியில் டயர் போனது. இறங்கி நின்றபோது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"மூத்தவள் சட்டி விரதம் பிடிக்கிறாளோ?"

"ஓம். கலியாணம் முடிச்சு மூண்டு வருசமாச்சு. மாமிக்காரி குத்திக் குத்திக் கதைக்கிறாளாம்."

"சின்னவள்?"

"அவளுக்கு ஏன் விரதம்? அவளுக்கு ரெட்டைப் பிள்ளையெல்லே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான், பஸ்ஸின் நிறம் மட்டும் வேறு. கடைசியில் வெற்று மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன லொறி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. மயிலிட்டி போய்ச் சேர்ந்தபோது என் சேலை முழுக்க மீன் வாசம். சுத்த சைவம் சாப்பிடும் வீட்டில் தங்கியிருப்பவள் இப்படித் திரும்பிப் போனால் அக்கா என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

சிவபாதம் அண்ணன் கறுத்த, அமைதியான மனிதர். கையில் எண்ணெய்க் கறை. பக்டரிக்குள் தகரப் பெட்டிகளில் தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது. வெளியே படகுகள் கரை ஏறி நின்றன. சூரன் போர் வருகிறது, பாதிப் பேர் விரதம் என்பதால் அந்த வாரம் மீனுக்குக் கிராக்கி இல்லையாம்.

"கடைசி நாள் விடியக் கொண்டுவந்து தாறன் தங்கச்சி. நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். கடற்கரைக்குக் கூட்டிப்போய், "அங்காலைதான் உங்கடை கரை" என்று கை காட்டினார். தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மகேசு சாப்பிடுறாவோ?"

"சாயந்தரம் பால் மட்டும்."

"போன வருசம் சூரன் போருக்குள்ளை மயங்கி விழுந்தவ. விடு எண்டால் கேக்கிறாளில்லை. எனக்குப் பிள்ளை இல்லாட்டிலும் பரவாயில்லை எண்டு சொன்னால் இன்னும் கோவம்." பிறகு உள்ளே போய் எனக்குப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வாங்கி வந்தார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு திரும்பினேன். அக்காவைக் காணவில்லை. உள்ளறையில் இருந்தார். கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் துணிக்குழாய் வழியாகத் தோள் வரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கொசு. சிலவற்றின் வயிறு சிவந்து பளபளத்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"ஏன் கத்துறீர்? ஒண்டும் சாகேல்லை" என்றார் அக்கா. புறங்கையில் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது.

"காய்ச்சல் வீட்டுக் கொசுன்னு சொன்னேனே! கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? பசியா இருக்கணும்னுதானே வச்சிருக்கேன்! எல்லாம் போச்சு!"

"நானும் யோசிச்சுத்தான் பாத்தனான்" என்றார். "நான் விரதம் இருக்கிறது என்ரை விருப்பம். உதுகள் என்ன பாவம் செய்ததுகள்? வயித்திலை முட்டை வைச்சிருக்கிறது, அதுக்குத்தான் ரத்தம் தேடுது எண்டு நீர்தானே சொன்னனீர். வயித்திலை சுமக்கிற ஒண்டு என்ரை வீட்டிலை பட்டினி கிடக்கலாமோ? இந்த நேரத்திலை, நான் அதைச் செய்யலாமோ?"

வாயில் அடுத்து வந்த வசவை நான் விழுங்கிக்கொண்டேன். அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். விரதத்தால் கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"எந்த நேரத்துல அக்கா?"

அவர் தலையைக் குனிந்தார். அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது. "ரெண்டு மாசமாக் குளிக்கேல்லை பிள்ளை. ஒருதருக்கும் சொல்லேல்லை. அவருக்கும் சொல்லேல்லை. பாறணை முடியட்டும், முருகனுக்கு முதல் சொல்லிப்போட்டுப் பிறகு மனிசருக்குச் சொல்லுவம் எண்டு இருக்கிறன்."

அந்த வீட்டில் அன்று நான் அழுத அழுகையில் பயம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பயம்தான் அதிகம். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் குழந்தை தங்குவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். தாய்க்கும் ஆபத்து. என் பெட்டியில் மலேரியாவுக்கான குளோரோகுயின் மாத்திரை இருந்தது. எடுத்து நீட்டினேன். அக்கா பின்வாங்கினார்.

"அந்தக் கசப்புக் குளிசை வயித்தைக் கலைச்சுப் போடும். செத்தாலும் தொட மாட்டன்."

கலைக்காது என்று நானும் என்னென்னமோ சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "என்னெண்டு சொல்லி? ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். நாளைக்கு ஒண்டு ஆகிப்போச்செண்டால் இவர் தாங்குவாரோ?" இத்தனை வருஷம் காத்திருந்தவரிடம் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்து என்ன பயன்.

கொசு கடித்ததெல்லாம் காய்ச்சல் ஆகிவிடாது. கிருமி அதன் எச்சில் சுரப்பிவரை வந்து சேர்ந்திருந்தால்தான் ஆபத்து. சுரப்பியைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்த சுரப்பியிலிருந்து புரதம் எடுக்க முடியாது. ஒரு சுரப்பி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். சிவந்த வயிறோடு இருந்தவற்றை மட்டும் பார்த்து, மற்றவற்றை எனக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. முடியாது. ரத்தம் குடிக்காத கொசுவும் ஊசியைக் குத்திப் பார்த்திருக்கலாம். குத்தினாலே எச்சில் உள்ளே போய்விடும். பார்ப்பதென்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

"அக்கா, ஒப்பந்தம். நான் எல்லாத்தையும் அறுத்துப் பார்க்கிறேன். ஒண்ணுல இருந்தாலும் விரதமாவது மண்ணாவது, அன்னிக்கே நீங்க என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

புறங்கைத் தடிப்பைத் தடவிக்கொண்டு, "ஓம்" என்றார். "ஆனால் வளவுக்குள்ளை இல்லை."

மறுநாள் காலை, உருப்பெருக்கியையும் கூண்டையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தைக்குப் போனேன். அக்கா வீட்டுப் படலையிலிருந்து பார்த்தால் அது தெரியும். மனேச்சர் அரிசி நிறுக்கிற மேசையைத் துடைத்துக் கொடுத்தார். என்ன, ஏன் என்று கேட்கவில்லை. பிளேன்ரீ மட்டும் வந்துகொண்டிருந்தது. உருப்பெருக்கியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன். ஈதர் நனைத்த பஞ்சில் ஒரு கொசுவை மயக்கி, இரண்டு ஊசிகளால் கழுத்தை மெதுவாக இழுத்தால், தலையோடு சுரப்பிகள் வழுக்கிக்கொண்டு வரும். உப்புநீர்த் துளியில் வைத்து, மேலே சிறு கண்ணாடி போட்டு அமுக்கிப் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் வளைந்த மெல்லிய இழைகளாகத் தெரியும்.

கூட்டம் கூடிவிட்டது.

"என்ன செய்யுறா?"

"நுளம்புக்கு ஒப்பரேசன்."

"பிழைச்சிடுமோ?"

"தலையைக் கழட்டின பிறகு எப்பிடியப்பா பிழைக்கும்?"

இன்னொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடிக்குள் ஏதாவது தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்தவள் நான். தெரிந்துவிட்டால் கட்டுரை, பாராட்டு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒன்றும் தெரியக்கூடாது முருகா என்று குனிந்தேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் நிமிர்ந்து படலையைப் பார்ப்பேன். அக்கா அங்கேயே நின்றார். கையை ஆட்டி 'இல்லை' என்பேன். அவர் தலையை அசைப்பார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

நடுவில் ஒரு கொசுவின் சுரப்பியில் மெல்லியதாக ஏதோ வளைந்து கிடந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தைச் சரிசெய்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பஞ்சு நார். பஞ்சு நார்தானா என்று மறுபடி பார்த்தேன். அதுதான். நான் நிமிரத் தாமதமானதைப் பார்த்து அக்கா படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவசரமாகக் கையை ஆட்டினேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது கடைசிக் கொசுவும் முடிந்து கூண்டு காலியாகியிருந்தது. தெருவைக் கடந்து போனேன்.

"ஒண்ணுலயும் இல்லை அக்கா."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு கூண்டைப் பார்த்தார். "எல்லாம் போயிட்டுதோ?"

"எல்லாம்."

"உம்மடை படிப்பு?"

"அது கிடக்கட்டும். நாளையிலேர்ந்து காலையிலயும் பால் குடிக்கிறீங்க. முருகன் கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்புங்க."

என் ஆய்வு பிறகு ஒரே கரையோடு முடிந்தது. இரண்டு கரைக் கொசுக்களின் எச்சிலும் ஒன்றா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பேராசிரியரிடம், கொண்டுவர முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மேசைக்கு மறுபடி போய் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வேன்.

ஆறாம் நாள் மாலை நல்லூரில் சூரன் போர். மரத்தில் செய்த சூரன் யானைத் தலையும் சிங்கத் தலையும் மாற்றி மாற்றிக் கொண்டு ஓடிவந்தான். பெண்கள் தலைக்கு மேல் கைகூப்பி நின்றார்கள். எங்கள் திருச்செந்தூர்க் கூட்டத்தில் நசுங்கியே பழகியவளுக்கு இந்த ஒழுங்கு ஆச்சரியம். தள்ளுமுள்ளு இல்லை, இடித்தவர் திரும்பி மன்னிப்புக் கேட்கிறார். காலையில் பால் குடித்த அக்கா மயங்கி விழவில்லை. வேல் பாய்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். முருகனுக்கு முதலில் சொல்லியாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் பாறணை. விடிவதற்கு முன்பே அக்கா குளித்து, ஈரத் தலையோடு அடுப்பின் முன்னால் இருந்தார். பருப்பு, கீரை, கத்தரிக்காய், பாயசம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முனையில் லொறி நிற்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று நினைவு வந்தது. மயிலிட்டிக்குச் செய்தி சொல்ல நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம்.

சிவபாதம் அண்ணன் தோளில் பெரிய சாக்கோடு படலையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். மரத்தூள் போட்டுச் சுற்றிய ஐஸ் பாளம். முதுகு முழுக்க ஈரம். முற்றத்தில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"கெதியாக் கொண்டு வாங்கோ தங்கச்சி, உருகுது. கூடு எங்கை?"

"காலி அண்ணன்."

"செத்துப் போச்சோ? மகேசு, நீ பாத்துக்கொள்ளேல்லையோ?"

"அவங்க இல்லை. நான்தான் கொன்னேன்."

அவர் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அமைதியான மனிதருக்கும் குரல் உயர்ந்தது. "பிறகென்னத்துக்கு என்னை ஐஸ் காவிக்கொண்டு வரச் சொன்னனீங்கள்? லொறிக்காரன்ரை காலிலை விழாத குறையாக் கொண்டு வந்திருக்கிறன்!"

அக்கா அடுக்களை வாசலுக்கு வந்தார். கையில் கழுவிய வாழையிலை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ. அதுகள் கடிச்சது என்னை. அதிலை காய்ச்சல் வருத்தம் இருக்கோ எண்டு பாக்கத்தான் தங்கச்சி எல்லாத்தையும் வெட்டிப் பாத்தவ. இல்லையாம்."

"உன்னைக் கடிச்சதோ? நுளம்பு கடிச்சதுக்கே இவ்வளவும்?"

"என்னை மட்டுமெண்டால் நானும் பேசாமல் விட்டிருப்பன்" என்றார் அக்கா. அவரைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு பேரையெல்லே கடிச்சது."

அண்ணனுக்கு உடனே விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மறுபடி அக்காவைப் பார்த்தார். அக்கா இலையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் பின்னால் எது இருக்கிறது என்று பார்க்காமலே அந்த ஐஸ் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட வாங்கோ" என்றார் அக்கா.

அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அப்படியே இருந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் ஊறி ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழும்புங்கோ, நனையுது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.